கேரட் படம் போட்ட தட்டு

போன மாதம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். விருத்தாசலம் பீங்கான் கம்பெனி ஒன்றில் பரிசோதனை அறைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். “மேடம், ஆறு கப்பு சாம்பிள் முதலாளியே எடுத்துக் குடுத்துட்டாரு. அத டெஸ்ட் பண்ணி மொத்த சரக்குக்கும் ரிப்போர்ட் போட்டுடலாமா?” என்று கேட்டாள். சாதாரணக் கேள்வி. மரியாதையாகத்தான் கேட்டாள். நான் போனிலேயே கத்திவிட்டேன். “நீ போயி எடு. குடோன்ல ஏறி, நடுவுல இருக்கிற பெட்டியப் பிரிச்சி, ஒங்கையால எடு. எவன் எடுத்துக் குடுத்தாலும் தொடாத” என்றேன். அந்தப் பெண் பயந்துபோய் வைத்துவிட்டாள்.

பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. அவள்மீது எனக்கு என்ன கோபம்? என் கோபத்துக்கு வயது ஏறக்குறைய இருபது. அவளுக்குச் சொல்லவேண்டியதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் செராமிக் டிப்ளமோ படித்தபோது வகுப்பில் மூன்று பெண்கள். ஒருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். இன்னொருத்திக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. நான் மட்டும் களிமண்ணை விடவில்லை. இரண்டு கம்பெனிகளில் சல்லடையும் தராசுமாக ஏழெட்டு வருடம் கழித்துவிட்டு, தெய்வசிகாமணி என்பவருடைய கம்பெனியில் பரிசோதனை அறைக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். கப்பு, சாசர், தட்டு செய்கிற கம்பெனி அது. கொஞ்சம் சரக்கு வெளிநாட்டுக்கும் போகும்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் இந்தக் கதை புரியாது. காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சூளைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அப்புறம்தான் ஆபீஸ். பெண்களை ‘அம்மா’ போட்டுத்தான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என் மகளுக்கு டைபாய்டு முற்றியபோது தன் காரையே கொடுத்துப் பாண்டிச்சேரிக்கு அனுப்பிவைத்தவர். நாம் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பாத்துக்கலாம்மா” என்பார். அந்தச் சொல்லுக்கு ‘சரி’ என்று அர்த்தமில்லை, ‘முடியாது’ என்றும் இல்லை. நீ சொன்னது இந்த அறையைவிட்டு வெளியே போகாது என்று அர்த்தம். அது எனக்குப் புரியப் பல வருடம் ஆனது.

சுனாமி வந்த பிறகு எங்கள் மாவட்டத்தில் ‘நிதி’ என்ற சொல் நிறையக் கேட்க ஆரம்பித்தது. கடலோரத்துக்கு வந்த அமைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கேயும் வந்தன. அப்படி வந்ததுதான் சென்னையில் இருந்த ஒரு அறக்கட்டளை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஊட்டச்சத்துக் கல்வி, மதிய உணவில் கூடுதல் காய்கறி, பழம் என்று அவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து நிதி கிடைத்திருந்தது. கம்மாபுரம் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம். அந்தப் பக்கம் நிலத்தை எல்லாம் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கத்திரிக்காய் வேண்டுமென்றாலும் பஸ் ஏறி விருத்தாசலத்துக்கு வருகிற ஊர்கள் இருந்தன.

அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் சுரேந்திரன் ஒருநாள் எங்கள் கம்பெனிக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். சுறுசுறுப்பானவர். அவர் கையில் ஒரு வரைபடம் இருந்தது. ஐந்து குழி உள்ள தட்டு. ஒரு குழியில் சோறு, ஒன்றில் பருப்பு, மற்ற குழிகளில் கேரட், தக்காளி, கீரை என்று படம். பிள்ளை சாப்பிட உட்காரும்போதே என்னென்ன சாப்பிட வேண்டும் என்று தட்டே சொல்லிக்கொடுக்குமாம். அதை விருத்தாசலத்திலேயே செய்தால் உள்ளூர்த் தொழிலுக்கும் உதவியாக இருக்குமாம்.

எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. கேட்டும்விட்டேன்.

“சார், கேரட் படம் போட்ட தட்டுல கேரட்டு யாரு சார் போடுவாங்க?”

அவர் சிரித்தார். “அது ரெண்டாவது கட்டத்துல வருது மேடம். மொதல்ல விழிப்புணர்வு.”

“மொதல்லயே காய வாங்கிக் குடுத்துட்டா?”

“காயி சாப்ட்டா அன்னைக்கே தீந்துடும் மேடம். தட்டு அஞ்சு வருஷம் இருக்கும். நிதி குடுத்தவங்க வந்து பாத்தா, காட்டறதுக்குக் கையில ஒண்ணு வேணும்ல?”

முதலாளி கண்ணாடியைத் துடைத்தார்.

பீங்கான்மேல் படம் போடுவது பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மெருகேற்றிச் சுட்ட தட்டின்மேல் படம் அச்சடித்த தாளை நனைத்து ஒட்டுவார்கள். ட்ரான்ஸ்பர் என்போம். தாள் கழன்று வண்ணம் மட்டும் தட்டில் நிற்கும். மறுபடி சின்னச் சூளையில் வைத்துச் சுட்டால் அந்த வண்ணம் உருகி மெருகோடு பிடித்துக்கொள்ளும். சில மலிவு வண்ணங்களில் அது சீக்கிரம் உருகி மின்னுவதற்காக ஈயம் சேர்த்திருப்பார்கள். பூச்சாடிக்கு அது போதும். சாப்பிடுகிற தட்டுக்கு ஆகாது. அதுவும் அரைகுறையாகச் சுட்டால், புளியோ எலுமிச்சையோ பட்டதும் ஈயம் சாப்பாட்டில் இறங்கும். குழந்தை உடம்புக்குள் போன ஈயம் லேசில் வெளியேறாது. மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பிடிக்கும். தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியும். தெரியவில்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்குச் சோதனை உண்டு. தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, துணி படாமல் காற்றில் உலர்த்த வேண்டும். நூறு பங்குக்கு நான்கு பங்கு அசிட்டிக் அமிலம் கலந்த தண்ணீரைப் படம் மூழ்குமளவு ஊற்றி, தூசி விழாமல் கண்ணாடியால் மூடி, இருபத்துநான்கு மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். மறுநாள் அந்தத் தண்ணீரை எடுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு ஈயம் என்று துல்லியமாகச் சொல்லும் மெஷின் எங்களிடம் இல்லை. அதற்குச் சென்னைக்கு அனுப்புவோம். ஆனால் இருக்கிறதா இல்லையா என்பதற்கு சோடியம் சல்பைடு கரைசல் சில சொட்டுப் போதும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஈயம் இருந்தால் தண்ணீர் பழுப்பாகும், நிறைய இருந்தால் கறுக்கும்.

முதலாளி ஆறு தட்டுகளை அவரே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “இதப் பாத்து எழுதிக் குடுத்துடுங்கம்மா.” ஈயமில்லாத வண்ணம். பதமாகச் சுட்டிருந்தது. தக்காளி கொஞ்சம் செங்கல் நிறமாக இருந்ததே தவிர, வேறு குறையில்லை. சோதனைத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சென்னை ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்தது. ‘பள்ளி உணவுக்குப் பாதுகாப்பானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். அந்த ஆறு தட்டுகளுக்கு நான் எழுதியது உண்மை. அந்தக் கையெழுத்தைக் காட்டி லாரியில் போன சரக்கை நான் பார்க்கவே இல்லை. ட்ரான்ஸ்பர் ஒட்டும் வேலையை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை ஷெட்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஏன் மாற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை.

தட்டுகள் போய் மூன்று வாரம் கழித்து ஒரு பள்ளியில் திட்டத் தொடக்க விழா வைத்தார்கள். பிள்ளைகள் அதற்குள் அந்தத் தட்டில் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கம்பெனி சார்பில் என்னை அனுப்பினார் முதலாளி. பந்தல், மைக், மாலை எல்லாம் இருந்தது. கீரையின் பயன்கள் பற்றி ஒருவர் ரொம்ப நேரம் பேசினார். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு தட்டோடு. எலுமிச்சம்பழச் சோறு போட்டிருந்தார்கள். ஐந்து குழியில் ஒரு குழியில் மட்டும் சோறு. மற்ற நான்கிலும் படம்.

போட்டோ எடுப்பதற்காகப் பிள்ளைகளைத் தட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். அப்போதுதான் பார்த்தேன். அந்தத் தக்காளி நான் சோதித்த தக்காளி இல்லை. ரத்தச் சிவப்பு. பக்கத்தில் போய் ஒரு சிறுமியின் தட்டைப் பார்த்தேன். கேரட்டின் மினுமினுப்புப் போய்ச் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. விரலால் தேய்த்தேன். விரல் ஆரஞ்சு நிறமானது.

சத்துணவு அமைப்பாளர் லூர்துமேரி சோற்று வாளியோடு பக்கத்தில் நின்றார். பிள்ளைகள் அவரை ‘சத்துணவு டீச்சர்’ என்பார்கள். “கலரு போவுது மேடம். பழய சட்டையாட்டம் சாயம் வுடுது. சாம்பல் போட்டுக் கழுவும்போது கையிலயே ஒட்டிக்குது. ஒண்ணும் பண்ணாதில்ல?” என்று கேட்டார்.

ஒரு தட்டை மட்டும் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றைக்கே பரிசோதனை அறையில் தட்டைக் கழுவி உலர்த்தி, அமிலத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மறுநாள் அதே நேரத்துக்கு அந்தத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்தேன். சல்பைடின் முதல் சொட்டுக்கே பழுப்பானது. மூன்றாவது சொட்டில் கறுத்தது. காப்பிக் கஷாயம்போல ஆகிவிட்டது. என் வேலைக் காலத்தில் அவ்வளவு கறுப்பை நான் பார்த்ததில்லை. தட்டைப் பஞ்சால் துடைத்தேன். பாதிக் கேரட் பஞ்சோடு வந்துவிட்டது.

சூளை ஆளிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். தக்காளி போட்டோவில் மங்கலாகத் தெரிகிறது என்று சுரேந்திரன் குறை சொல்லியிருக்கிறார். உடனே வெளியூரிலிருந்து பளிச்சென்ற ட்ரான்ஸ்பர் வரவழைத்திருக்கிறார்கள். மார்ச் மாதம் முடிவதற்குள் நிதியைச் செலவழித்துக் காட்டவேண்டும் என்று அவசரம். ஒரு நாள் சுட வேண்டியதை அரை நாளில் இறக்கியிருக்கிறார்கள். ஒரு தக்காளி போட்டோவில் சிவப்பாகத் தெரிய வேண்டும். அதற்குப் பிள்ளைகள் ஈயம் சாப்பிட வேண்டும்!

குழாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

“ஒக்காருங்கம்மா. என்னா, இப்பிடி நாறுது?”

“ஈயங்க. ஸ்கூலுக்குப் போன நம்ம தட்டு.”

கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். “எவ்ளோ நேரம் ஊற வெச்சீங்க?”

“இருவத்திநாலு மணி நேரம்.”

“எந்தப் புள்ளம்மா தட்டுல புளிய ஊத்தி ஒருநாளு பூரா வெச்சிருந்து சாப்புடுது? பத்து நிமிஷத்துல தின்னுட்டுக் கழுவிக் கவுத்துடுதுங்க.”

கேட்டவுடன் நியாயம்போலத் தெரிகிற பேச்சு அது. அதனால்தான் ஆபத்தானது. “தெனம் பத்து நிமிஷங்க. அஞ்சு வருஷம் இருக்கும்னு சொல்லித்தான தட்டு வாங்குனாங்க? அஞ்சு வருஷத்துக்கு ஊறுனா எவ்ளோங்க?” என்றேன்.

“வெளிநாட்டுக்காரன் கேக்குறான், நாம டெஸ்ட்டு பண்றோம். இங்க யாரும்மா கேக்குறாங்க?”

“நான் கேக்குறங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “பாத்துக்கலாம்மா. நீங்க டீ சாப்டுங்க.”

வெளிநாட்டுப் பிள்ளை சாப்பிட்டால் விஷம், கம்மாபுரத்துப் பிள்ளை சாப்பிட்டால் பாத்துக்கலாம். அந்த டீயை நான் குடிக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். தட்டைத் திரும்ப எடுக்க லாரி போகவில்லை. மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

லூர்துமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம் என்றால் என்ன, அது குழந்தையை என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டார்.

“மூணு வாரமா என் கையால போட்டிருக்கனே” என்றார். பிறகு, “இன்னைக்கே ரூம்புல போட்டுப் பூட்டிடறேன்க்கா. பழய எவர்சில்வர் தட்டு கெடக்குது. ஆனா நீங்க எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்கி அவங்க வந்து ஏன் பூட்டுனன்னு கேட்டா, வாய்ல சொன்னது நிக்காது. வேல போனா என் வூட்டுல அடுப்பு எரியாது.”

அவர் கேட்டது சரி. நான் ஒரு கையெழுத்தால் அனுப்பிவைத்ததை இன்னொரு கையெழுத்தால்தான் நிறுத்த முடியும். அங்கேயே சமையல்கூடத்தில் அரிசி மூட்டைமேல் தாளை வைத்து எழுதினேன். நான் கொடுத்த சான்று இந்தத் தட்டுகளுக்கு உரியதல்ல, இவற்றில் ஈயம் இறங்குகிறது, குழந்தைகளுக்கு இவற்றில் உணவு தரக்கூடாது. ஒரு நகல் அவருக்கு. ஒன்றைப் பதிவுத் தபாலில் அறக்கட்டளைக்கும், இன்னொன்றை மாவட்டச் சத்துணவு அலுவலகத்துக்கும் அனுப்பினேன்.

சுரேந்திரன் போன் செய்தார். “மேடம், நல்லா போயிட்டிருக்கிற விஷயத்த ஏன் கெடுக்கறீங்க? அடுத்த வாரம் நிதி குடுத்தவங்க நேர்ல வர்றாங்க.”

“வரட்டும் சார். எவர்சில்வர் தட்டுல புள்ளைங்க சாப்புடுறதப் பாக்கட்டும்.”

“அது எல்லா ஸ்கூல்லயும் இருக்கறதுதான மேடம்? நம்ம திட்டம்னு எப்பிடித் தெரியும்?”

அவரை நான் அயோக்கியர் என்று நினைக்கவில்லை. தட்டில் சோறு இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தட்டு போட்டோவில் இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

முதலாளிக்கு விஷயம் போய்ச் சேர்ந்த அன்று என்னைக் கூப்பிட்டார். அன்றும் குரல் உயரவில்லை. “டெஸ்ட்டு ரூமு சாவியக் குடுத்துட்டுப் போங்கம்மா. குடோன்ல ஆளு பத்தல. அத நீங்க பாத்துக்கிங்க” என்றார். சாவியை வாங்கி, மேசை இழுப்பறையில் போட்டு, பூட்டினார். அவர் காரில் என் மகள் பாண்டிச்சேரிக்குப் போனது நினைவுக்கு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் அது நினைவில் இருப்பதாகத்தான் தோன்றியது. சில மாதம் குடோனில் இருந்துவிட்டு, மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர் செய்கிற கம்பெனிக்குப் போய்விட்டேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். இன்சுலேட்டரில் யாரும் சோறு போட்டுத் தின்னமாட்டார்கள் என்பது எனக்கு ஒரு நிம்மதி.

அறக்கட்டளையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பூட்டிய அறையைத் திறந்து, அடுக்கின் நடுவிலிருந்து அவர்களே தட்டுகளை உருவிச் சென்னைக்கு எடுத்துப்போனார்கள். நான் சொன்னது சரியென்றுதான் வந்தது. ஆனால் பள்ளிக்கு வந்த கடிதத்தில் ‘ஈயம்’ என்ற சொல் இல்லை. ‘தரம் சார்ந்த காரணங்களால் திட்டம் நிறுத்தப்படுகிறது’ என்று இரண்டு வரி. எல்லாப் பள்ளிகளிலிருந்தும் தட்டுகளை லாரியில் திரும்ப எடுத்துப் போனார்கள். பெற்றோர் ஒருவரிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்குக்கூட ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. நான் கேட்டதற்கு, தேவையில்லாமல் பயத்தைக் கிளப்ப வேண்டாம் என்றார்கள். ‘நான்தான் ஈயம்’ என்று சொல்லிக்கொண்டா வயிற்றில் இறங்கும்? பாடம் மண்டையில் ஏறவில்லை என்று பிள்ளையை அடிப்பார்கள். அவ்வளவுதான் வெளியே தெரியும்.

ஊரில் என் பெயர் கெட்டது. “பசங்களுக்கு வந்த நிதிய நிறுத்திட்டா” என்று பஸ் ஸ்டாண்டில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தட்டை மட்டும் நிறுத்தியிருந்தால் போதுமே, திட்டமே போய்விட்டதே, இரண்டாவது கட்டத்துக் காய்கறியும் பழமும் என்னால்தானே போனது என்று. அந்த நினைப்பு பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன், லூர்துமேரியிடம் மன்னிப்புக் கேட்பதற்காக. அன்று பள்ளி வைத்திருந்தார்கள்.

அவர் சமையல்கூடத்தில் தரையில் உட்கார்ந்து பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். உதவியாள் வரவில்லையாம். பெரிய காய்கள் மூன்று பக்கத்தில் கிடந்தன. வார்த்தையைத் தேடித் தேடி நான் சொல்லி முடித்தேன். திட்டம் நின்றுவிட்டது, காய்கறியும் நின்றுவிட்டது, என்னால்தான், வருத்தமாக இருக்கிறது என்று.

அவர் அரிவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னாக்கா பேசுறீங்க? தட்டு வந்திச்சி, செவுத்துல ஒட்ட படம் வந்திச்சி, மைக்செட்டு வந்திச்சி. காயி எப்ப வந்திச்சி, நின்னு போறதுக்கு? இந்தப் பூசணிக்கா எங்க வூட்டுக் கொல்லையில காச்சது. அவங்க வரதுக்கு முன்னாலயும் இதத்தான் போட்டன். இப்பவும் இதத்தான் போடுறன்.”

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மணி பதினொன்றரை ஆகியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வருவார்கள். மூலையில் இன்னொரு அரிவாள்மணை சாய்ந்திருந்தது. அதை இழுத்துப் போட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, அடுத்த காயைப் பிளந்தேன்.